இடப்பக்க விளக்கு

3 பிப்ரவரி 2024, சனி

காரை விலைக்குப் பார்க்க ஆலங்குளத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். பெயர் சுடலைமுத்து. என் மகள் செண்பகம் ஓசூரிலிருந்தபடியே போனில் போட்ட விளம்பரத்தைப் பார்த்து வந்தவர். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். டயரை உதைத்தார். கடைசியில் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்துகொண்டு, விளக்குகளை மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு கண்ணு பளிச்சுன்னு இருக்கு, ஒரு கண்ணுக்கு மஞ்சக்காமாலை. இடப்பக்கம் மாத்தியிருக்கு. எங்க சார் இடிச்சீங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அப்படியே பஸ் ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். பாளை மார்க்கெட்டில் என் தலையைக் கண்டால், தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டினவனே அதைச் சுரண்டி எடுத்துவிடுவான். என்னைப் பார்த்து, இடித்த வண்டியை இடிக்காத வண்டி என்று விற்கிறாயா என்கிறார். பதிமூன்று வருஷத்தில் இந்த வண்டி ஓர் எறும்பைக்கூட இடித்ததில்லை என்று சொன்னேன். நம் வீட்டு முன்கூரையில் சாயங்கால வெயில் வலப்பக்கம்தான் விழும், அதனால் அந்த விளக்கு மட்டும் மஞ்சளித்திருக்கிறது என்றும் விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஆட்டிய விதமே சரியில்லை. பதினெட்டாம் தேதி வருகிறேன், அதற்குள் யோசித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

காப்பி டம்ளரை எடுக்க வந்த என் வீட்டுக்காரி வடிவு, விற்கத்தான் வேண்டுமா என்று கேட்டாள். கோவில்பட்டியில் அவள் தங்கைக்கு மூட்டு ஆபரேஷன் ஆகிக் கிடக்கிறது, போக வர வண்டி இருந்தால் நல்லது என்றாள். எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வலை வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தலைசுற்றல் இருக்கிறவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு யார் ஓட்டுவது, நீயா என்று கேட்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

4 பிப்ரவரி, ஞாயிறு

வலப்பக்க விளக்கை நானே சரிசெய்வதாக முடிவு செய்துவிட்டேன். பற்பசை தேய்த்தால் போதும் என்று யூடியூபில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான். ஒரு டியூப் முழுவதையும் தேய்த்தேன். ஈரமாக இருக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. காய்ந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. சாயங்காலம் பல் தேய்க்கப் பேஸ்ட் இல்லை என்று வடிவு முணுமுணுத்தாள்.

6 பிப்ரவரி, செவ்வாய்

பெயிண்ட் கடையில் தண்ணீர் உப்புத்தாள் வாங்கினேன். எண்ணூறு, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம். எண் கூடக் கூடத் தாள் நைசாகும். விளக்கைச் சுற்றிப் பெயிண்டில் படாமல் டேப் ஒட்டி, தாளை நனைத்து, முதலில் எண்ணூறால் இடவலமாக, பிறகு ஆயிரத்தால் மேல்கீழாக. மஞ்சள் கரைத்த தண்ணீர் போல ஒழுகியது. பதிமூன்று வருஷத்து அழுக்கு இல்லை அது. பிளாஸ்டிக்கின் மேல்தோலே வெந்து போய் உரிகிறது. மனதுக்கு நிறைவாக இருந்தது. வேலை என்றால் இப்படிக் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வடிவு சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த ஒரு பக்கம் போதும், அந்தப் பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது, தொட வேண்டாம் என்றாள். இவளுக்கு என்ன இதில் அக்கறை?

7 பிப்ரவரி, புதன்

வலது விளக்கு முடிந்தது. பாலிஷ் போட்டுத் துடைத்ததும் கண்ணாடி தோற்றது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நிறம் இல்லை. தட்டுக்குத் தட்டு ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் முத்திரை குத்தாத கை இது. இடப்பக்கத்தையும் எண்ணூறில் இழுத்துவிட்டேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. நன்றாக இருந்த விளக்கு மோர் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. அதோடு ஒரு சந்தேகம். இந்தப் பக்கத்தில் மஞ்சள் தண்ணீரே வரவில்லை. வெள்ளைத் தண்ணீர்தான் வந்தது. வெயில் படாவிட்டாலும் பதிமூன்று வருஷத்துக்குக் கொஞ்சமாவது மஞ்சளிக்க வேண்டாமா?

8 பிப்ரவரி, வியாழன்

தோள்பட்டை வலி. மாத்திரை போட மறந்துவிட்டேன். இதற்கும் வடிவிடம் ஏச்சு.

பக்கத்து வீட்டுத் தேவபிச்சை அண்ணாச்சி மொபெட்டில் போகும்போது நின்று, இரண்டு விளக்கையும் பார்த்தார். இடப்பக்கத்தைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. அவசரமாக மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இந்த மனிதர்தான் எனக்கு உயிர் கொடுத்தவர். 2022 ஆகஸ்ட் பதினான்கு, காலை ஐந்தே முக்கால். நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. பின்சீட்டில் கிடந்ததும், அண்ணாச்சி என் வலது கையைத் தன் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு காதோரம் ஜெபம் பண்ணியதும்தான் ஞாபகம். அப்புறம் கண் விழித்தது மூன்றாம் நாள். வண்டி ஓட்டிக்கொண்டே ஒருத்தன் கையை விடாமல் பிடித்திருக்கிறார் என்றால் என்ன மனசு! கிறிஸ்துமஸ் தவறாமல் எட்டு முழ வேட்டியும் சட்டைத் துணியும் எடுத்துக் கொடுக்கிறேன். வாங்கும்போது கூனிக் குறுகிப் போவார். அடக்கம்.

9 பிப்ரவரி, வெள்ளி

விளக்குகளின் பின்பக்கம் தூசி இருக்கிறதா என்று பார்க்க வண்டியின் முன்மூடியைத் திறந்தேன். விளக்குக் கூட்டின் முதுகில் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, தயாரித்த மாதமும் வருஷமும் போட்டு. வலப்பக்கம் 2011. இடப்பக்கம் 2022, ஜூன்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன். 2022தான்.

2022 ஆகஸ்டுக்குப் பிறகு நான் இந்த வண்டியைத் தொடவே இல்லை. உறை போட்டுத்தான் நிற்கிறது. செய்யது ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்து வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போவதாக வடிவு சொல்வாள். பழைய விளக்கைத் திருடிக்கொண்டு புது விளக்கை வைத்துவிட்டுப் போகிற கள்ளன் எந்த ஊரில் இருக்கிறான்? அந்த ஆலங்குளத்து வாத்தியார் சொன்னது சரி என்று ஆகிறது. நான் சொன்னது பொய் என்று ஆகிறது. நான்! தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

10 பிப்ரவரி, சனி

செய்யது ஒர்க்‌ஷாப்புக்கு ஆட்டோவில் போனேன். இடப்பக்க விளக்கை மாற்றினாயா என்று நேராகக் கேட்டேன். காரியமாக ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டே, ரெண்டு வருஷத்துக்கு முந்தின வேலை எங்கே ஞாபகம் இருக்கும் என்றான். 2022 என்று நான் சொல்லவே இல்லையே, ரெண்டு வருஷம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றேன். நட்டைக் கீழே போட்டுவிட்டான். பிறகு, வாரா வாரம் ஸ்டார்ட் பண்ண யாரை அனுப்புகிறாய் என்று கேட்டேன். ஆளா, எந்த ஆள் என்று திருப்பிக் கேட்டான். அப்புறம் அவசரமாக, ஆமாம் ஆமாம் அனுப்புகிறேன் என்றான்.

எடைக்கல்லில் ஈயம் சுரண்டினவன் முழிக்கிற முழி எனக்குத் தெரியாதா?

11 பிப்ரவரி, ஞாயிறு

பிடிபட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் தேவபிச்சை அண்ணாச்சி எங்கேயோ இடித்திருக்கிறார். சொல்ல வெட்கப்பட்டு, செய்யதுவைக் கொண்டு தன் கைக்காசில் மாற்றி வைத்திருக்கிறார். உயிரையும் காப்பாற்றி, விளக்கையும் மாற்றிக் கொடுத்து, அதை வெளியே சொல்லாமல் ஒரு மனிதர்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வடிவிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பழசையெல்லாம் ஏன் கிளறுதிய?" என்றாள். கிளறாமல் எப்படி? வாத்தியாருக்குப் பதில் சொல்ல வேண்டாமா? ஒன்று செய்யலாம். பதினெட்டாம் தேதி அண்ணாச்சியையே வந்து வாத்தியாருக்கு வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லலாம் என்றேன். முறத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அண்ணாச்சிமேல் இவளுக்கு நன்றியே இல்லை. அன்றைக்கு இவளால் என்ன செய்திருக்க முடியும்?

லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கிறாள். 2012இல் செண்பகத்தோடு சேர்ந்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் வாங்கியது. நம் வண்டியை எடுத்த முதல் நாள் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சமாதானபுரம் திருப்பத்தில் கியரைத் தப்பாகப் போட்டாள். நான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். வண்டியை அப்படியே நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். இனிமேல் இந்த வண்டியில் கை வைக்காதே என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவளும் வைக்கவில்லை. கொஞ்சம் சத்தம்தான் அது.

13 பிப்ரவரி, செவ்வாய்

இடப்பக்கம் இரண்டாயிரம் தாள்வரை வந்துவிட்டேன். மோர் நிறம் மாறி, இளநீர் நிறம்.

14 பிப்ரவரி, புதன்

அல்வா வாங்கிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் மட்டும்தான் இருந்தார். பொட்டலத்தை மேஜையில் வைத்து, அந்த விளக்கு விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் சங்கடப்பட வேண்டாம் என்று ஆரம்பித்தேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அப்பாடா. மதினி சொல்லிட்டாவளா?"

வடிவு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். மலர்ந்த முகம் சுண்டியது. அல்வாப் பொட்டலத்தை என் பக்கமே திரும்ப நகர்த்தினார்.

"அண்ணாச்சி, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். சைக்கிளும் அந்த மொபெட்டும் தவிர வேறு எதையும் வாழ்க்கையில் ஓட்டியதில்லையாம். தபால்காரர் உத்தியோகத்தில் சைக்கிள்தானே என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்கு வடிவு தலைமுடிகூட முடியாமல் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். ஆம்புலன்ஸ் வருகிறவரை காத்திருக்க அவளுக்கு மனம் இல்லை. இரண்டு பேருமாக என்னைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். அண்ணாச்சி என்னோடு பின்னால் உட்கார்ந்துகொண்டார். ஓட்டினது அவள். வண்ணார்பேட்டை வரைக்கும் எங்கும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும்போது இடப்பக்கம் தூணில் இடித்து விளக்கு நொறுங்கியது. அப்போதும் பிரேக்கில் கால் வைக்கவில்லையாம். விளக்கு தொங்கிக்கொண்டே போய் எமர்ஜென்ஸி படியில்தான் வண்டி நின்றது. இன்னும் கால் மணி நேரம் பிந்தியிருந்தால் பிரயோசனம் இல்லை என்று டாக்டர் சொன்னாராம்.

நான் கண் விழித்து, என்னை யார் கொண்டுவந்தது என்று கேட்டபோது, அவள் அண்ணாச்சியைக் கை காட்டிவிட்டாள். இவர் வாயைத் திறக்கப் போனார். வேண்டாம் என்று கண்ணாலேயே கும்பிட்டாளாம்.

"நீங்க வேட்டி தரும்போதெல்லாம் ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேப்பேன் அண்ணாச்சி. ரெண்டும் பீரோவுலதான் இருக்கு. ஒண்ணைக்கூடக் கட்டலை."

செய்யதுவுக்குத் தெரியும். செண்பகத்துக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, தெருவே சேர்ந்து எனக்குப் பரிமாறியிருக்கிறது. எப்படி எழுந்து வந்தேன் என்று தெரியவில்லை.

வடிவு புறவாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்போ அந்த லைட்டை உடைச்சது நீதானா?" என்று கேட்டேன்.

கீரையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"ஆமா. நீங்க முதல்ல இதைத்தான் கேப்பியன்னு தெரியும். அதான் சொல்லலை."

அழவில்லை. சத்தமும் போடவில்லை. நான் வெளியூர் கேம்ப் போகிற நாளிலெல்லாம் செண்பகத்தோடு ஓட்டிப் பழகியதையும், இந்த ஒன்றரை வருஷமாக நான் மத்தியானம் தூங்கும்போது தானே ஸ்டார்ட் பண்ணி, சில நாள் கே.டி.சி. நகர் வரைக்கும் போய்வருவதையும் விலாவாரியாகச் சொன்னாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

15 பிப்ரவரி, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வேறு ஏதாவது கேட்டிருக்கிறேனா என்று தேடினேன். இல்லை. அந்தக் கேள்வியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். கணக்கைத் திருத்தினவர்கள் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்? அப்படியே இருக்கட்டும்.

மூன்றாம் தேதி எழுதியதையும் படித்தேன். 'யார் ஓட்டுவது, நீயா.' நானேதான் எழுதியிருக்கிறேன்.

16 பிப்ரவரி, வெள்ளி

முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை. எப்படித் தொடங்குவது? தேவபிச்சையிடம் எத்தனை தடவை சொன்னேன், வாய் வலிக்க. அதையெல்லாம் திரும்ப வாங்கி இவளிடம் கொடுக்க முடியுமா? மத்தியானம் சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். குழம்பில் உப்புக் குறைவு என்று வந்துவிட்டது. உப்புச் சரியாகத்தான் இருந்தது.

17 பிப்ரவரி, சனி

இரண்டு விளக்குக்கும் நிறமில்லாத வார்னிஷ் அடித்தேன். அடிக்காவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி மஞ்சளிக்கும். காய்கிறவரை யாரும் தொடாமல் காவல் இருந்தேன். என்ன செய்வது என்று தெரியாதபோது கைக்கு வேலை இருப்பது நல்லது.

18 பிப்ரவரி, ஞாயிறு

வாத்தியார் சொன்ன நேரத்துக்கு வந்தார். குத்த வைத்துப் பார்த்துவிட்டு, "அட, ரெண்டும் ஒண்ணுபோல ஆயிட்டே" என்றார். பேசாமல் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். நீங்கள் அன்றைக்குச் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு என்றேன். இடப்பக்கம் மாற்றியதுதான், ஆஸ்பத்திரித் தூணில் இடித்தது, 2022 ஆகஸ்ட் பதினான்கு என்றேன். யார் ஓட்டினது என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரி. நான் பின்னால சாகக் கிடந்தேன்."

காப்பி கொண்டுவந்த வடிவு கதவருகே நின்றுவிட்டாள். நான் மேலே என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவளே பேசினாள்.

"வண்டி குடுக்கதா இல்ல சார். நான் ஓட்டுதேன்."

என்னைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் வாத்தியாரைப் பார்த்தேன். காப்பியைக் குடித்துவிட்டு, நல்லது என்று சொல்லி எழுந்து போனார். அதற்குப் பிறகு எனக்கு வந்தது கோபமா, சந்தோஷமா என்று இந்த நேரம்வரை பிடிபடவில்லை. கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

21 பிப்ரவரி, புதன்

ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக்குத் தங்கையைப் பார்க்கப் போகிறாளாம். வண்டியில். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். வாயைத் திறக்க மாட்டேன் என்றேன்.

"நீங்க வாயைத் திறக்க வேண்டாம். பக்கத்துல இருந்தாலே எனக்கு ஓட்ட வராது."

இதை இவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

25 பிப்ரவரி, ஞாயிறு

ஒன்பது மணிக்குப் புறப்பட்டாள். ரிவர்ஸ் எடுக்கும்போது வாசலில் நின்று கை காட்டலாமா, உள்ளே போய்விடலாமா என்று தெரியாமல் நடையிலேயே நின்றேன். ஒரே மூச்சில் எடுத்துத் திருப்பிவிட்டாள். எனக்கு மூன்று மூச்சு ஆகும்.

10.30. போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போன் பண்ணவில்லை. ஓட்டும்போது போன் அடித்தால் பதறுவாள்.

11.05. செண்பகத்துக்குப் பண்ணினேன். அம்மா அரை மணி முன்னாலேயே போய்விட்டாள், தன்னிடம் பேசினாள் என்றாள். என்னிடம் பேசவில்லை. சரி.

2.00. சாதம் வடித்து மூடி வைத்திருந்தாள். தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன். தூக்கம் வரவில்லை.

4.15. தேவபிச்சை அண்ணாச்சி வந்து சும்மா உட்கார்ந்தார். மதினி நல்லா ஓட்டுவாவ, பயப்படாதிய என்றார். யார் பயந்தது? இரண்டு பேரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவரிடம் கேட்டேன், அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று. பின்னால் இருந்து முகம் தெரியவில்லை, முதுகு மட்டும்தான் தெரிந்தது என்றார். வாய் மட்டும் ஓயாமல் 'இன்னா வந்துட்டு, இன்னா வந்துட்டு' என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாளாம். ஆஸ்பத்திரி இதோ வந்துவிட்டது என்று என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள். எனக்கு ஜெபம் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

5.40. வந்துவிட்டாள். அண்ணாச்சி எழுந்து போய்விட்டார். நான் கேட்டைத் திறந்தேன். அவள் இன்ஜினைக்கூட அணைக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, என் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"தங்கச்சி வீட்டுச் சந்துல திருப்பும்போது பின்கதவுல கோடு விழுந்துட்டு. கொஞ்சம் நீளமாத்தான் விழுந்திருக்கு."

ஒன்றரை வருஷம் கழித்து இல்லை. அண்ணாச்சி சொல்லி இல்லை, சீட்டைப் பார்த்து இல்லை. வாசலிலேயே, வந்ததும் வராததுமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

தங்கச்சிக்கு எப்படி இருக்கிறது, நடக்கிறாளா என்று கேட்டேன். கம்பை ஊன்றி நடக்கிறாள் என்றாள். உனக்குப் பசிக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். உள்ளே போய் நானே தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். முதல் தோசை பிய்ந்துவிட்டது. அதைத்தான் முதலில் சாப்பிட்டாள்.

கோடு எவ்வளவு நீளம் என்று நான் கேட்கவில்லை.